கண்ணாடிக்குத் தேடிப்போன பாறைத் தண்ணீர்

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் கண்ணாடி உருக்குகிறேன். ஜன்னலுக்குப் போடுவது அல்ல, போரோசிலிக்கேட். சிலிக்காவும் போரானும் பின்னிய வலைக்குள் லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களைப் பூட்டிவைப்போம். அணுக்கழிவை இந்தக் கண்ணாடியில்தான் உறையவைக்கிறார்கள். கழிவின் இடத்தில் அருமண் தனிமத்தை வைத்து, அது வலையில் எங்கே உட்காருகிறது, தண்ணீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. காய்ச்சியெடுத்த வடிநீரில் செய்த சோதனை போதாது, பாறைக்குள் கிடந்த நீரிலும் செய்யுங்கள் என்று ஆய்விதழில் என் கட்டுரையைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். அதனால் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பெருமுக்கல் பக்கம் போனேன்.

வீடு விழுப்புரம். காலை 6.10 பேருந்து, ஏறத்தாழ 38 கிலோமீட்டர், 7.05க்குத் திண்டிவனம். அங்கிருந்து மரக்காணம் சாலையில் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெருமுக்கல் மலைமேல் கோயில் இருக்கிறது. எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு பாறை சுடும். எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. மேலேயிருந்து பார்த்தால் சுற்றிலும் குவாரிகள். சாமி இருக்கும் மலையை விட்டுவைத்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் ஜல்லி.

கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன். இரண்டு மணி நேரக் காத்திருப்போடு 300 ரூபாய். போன ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓட்டுநர் நேராக ஊர்த்தெருவின் மேல்நிலைத் தொட்டியடியில் நிறுத்தினார்.

“இங்கயே புடிங்க மேடம். எல்லா ஆபீசருங்களும் இங்கதான் புடிச்சினு போவாங்க. ஜல்தி வேல முடியும்.”

தொட்டி நீரில் குளோரின் கலந்திருக்கும். எனக்குப் பயன்படாது. பாறையில் இறக்கிய போர்வெல் எங்கே என்று கேட்டேன். காலனியில் என்றார், அங்கே வேண்டாம் என்றும் சொன்னார். காலனி முனை வரைக்கும்தான் ஆட்டோ வந்தது. அதற்குமேல் நடந்தேன்.

போரடியில் ஓர் அக்கா குடம் நிரப்பிக்கொண்டிருந்தார், பெயர் செல்வி. நாற்பது வயதிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எதற்குத் தண்ணீர் என்று விசாரித்தார். பையிலிருந்த நியோடிமியம் கண்ணாடித் துண்டைக் காட்டினேன். வெயிலில் கத்திரிப்பூ நிறமாக மின்னியது.

“மூக்குத்திக்கு ஆவும்போல. இது தண்ணில கரையுமா?”

கொஞ்சம் கரையும், தொண்ணூறு டிகிரி சூட்டில் இருபத்தெட்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்றேன்.

“நாங்க பச்சையாவே குடிக்கிறோம். எங்கள எத்தினி நாளு வச்சிப் பாப்பீங்க?”

அவர் மகளைக் கூப்பிட்டுப் பல்லைக் காட்டச் சொன்னார். பழுப்புக் கோடுகள். பள்ளியில், பல் விளக்காதவள் என்று கிண்டல் செய்கிறார்களாம். குடிநீர்க் குழாய் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது. காலனிக்கு நீட்டச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்டால், தண்ணீர் சோதித்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது என்று தாளைக் காட்டுகிறார்கள். எந்தத் தண்ணீரைச் சோதித்தார்கள் என்பது எனக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது.

“ரிசல்ட்ட எழுதிக் குடுக்கறன்னு சொல்லுங்கம்மா. வாயால சொன்னா எங்கள யாரும் நம்ப மாட்டாங்க.”

சரி என்றேன். ஐந்து பாட்டில் நிரப்பினேன்.

ஆய்வகத்தில் கண்ணாடி நன்றாகவே தாக்குப்பிடித்தது. போரான் முதலில் கழன்றது, அருமண் தனிமங்கள் பெரும்பாலும் மேற்பரப்பின் மெல்லிய படலத்திலேயே தங்கின. பாறை நீரில் ஏற்கெனவே சிலிக்கா கரைந்திருந்ததால், வடிநீரில் கரைந்ததைவிடக் குறைவாகவே கரைந்தது. அதே நீரில், பல்லில் பழுப்புக் கோடு போடும் ஃப்ளோரைடு குடிநீருக்கு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஒரு கண்ணாடிக்கு என்ன ஆகும் என்று கணக்கிடப் பணம் இருக்கிறது. அதே தண்ணீரைக் குடிக்கும் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. ஆய்வகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் முடிவைத் தர முடியாது என்றார் என் ஆய்வு வழிகாட்டி. வெள்ளைத்தாளில் எழுதி, பெயரும் கையெழுத்தும் போட்டு செல்வி அக்காவுக்கு அனுப்பினேன். கிராம சபையில் அது செல்லாது என்றார்கள். ஆனாலும் மறுபடி மாதிரி எடுக்க ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: பம்பைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் நிரப்புங்கள். எடுத்த இடத்தை அங்கேயே எழுதுங்கள். யாருடைய தண்ணீரோ அவர்களுக்கு முடிவை எழுத்தில் கொடுங்கள். திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ் மதியத்தில் குறைவு, குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

போன வாரம் செல்வி அக்கா போன் செய்தார்.

“தண்ணி எடுக்க வந்த வண்டி ஊர்த்தெருவுலயே நின்னுச்சி. நான் போயி பாட்டில வாங்கினு வந்து நம்ம போர்ல புடிச்சேன். காலனி போருன்னு ஆபீசரு எழுதற வரைக்கும் வண்டி முன்னாடியே நின்னுக்கினு இருந்தேன்.”

முடிவு இன்னும் வரவில்லை.