ழகரம் இல்லாத வீடு

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் 'பிரேக்' என்றுதான் பெயர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வண்டி நகரும் முன்பே "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்துவார். அவரிடம் கற்றவர்கள் இன்றைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சரை அழவைத்து நடுரோட்டில் இறக்கிவிட்ட கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அந்த வாய் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. அக்காவுக்கு ழ வராது. கல்யாணமான புதிதில், "மளை வருது, துணியை எடுங்க" என்றிருக்கிறாள். வந்திருந்த நண்பர்களுக்கு முன்னால் அவர், "மளையா? மலைக்குத் தங்கச்சியா?" என்று கேட்டு, வாழைப்பழம் சொல்லு, கிழவி சொல்லு என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்துச் சிரித்திருக்கிறார். அதன்பிறகு யார் வந்தாலும் அது ஒரு விளையாட்டாகிப்போனது. கொஞ்ச காலத்துக்கு 'மளைக்காரி' என்றே கூப்பிட்டார்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ழ வரும் வார்த்தைகளையே விட்டுவிட்டாள். மழை பெய்தால் 'தண்ணி ஊத்துது'. கீழே என்றால் 'அடியில'. ஏழு மணி என்றால் 'ஆறு தாண்டி ஒரு மணி'. இந்தப் பாஷையில் ழ இல்லாமல் குடும்பம் நடத்திக் காட்டியவள் என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். வார்த்தைக்கு வார்த்தை பள்ளம் பார்த்துக் கால் வைக்கிறவளுக்குப் பேச்சு எப்படி நீளும்? குரல் சுருங்கிச் சுருங்கி, அந்த வீட்டில் அவள் பேசுவது வெறும் முணுமுணுப்பாகிவிட்டது.

பிறகு அவருக்குக் கண் போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருகிற நோய். இடது பக்கம் வந்த சைக்கிளை அவர் பார்க்கவே இல்லை. ஓட்டிக்கொண்டிருந்த பெண்தான் பிரேக் போட்டாள். அதற்கும் அவளையே திட்டினார். வேலை போனது, கொஞ்ச நாளில் மிச்சமிருந்த வெளிச்சமும் போனது. நான் பரிதாபப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகும்போதே, "குருடனுக்கு ஊமை வாய்ச்ச மாதிரி எனக்கு இவ" என்று சொன்னார் பாருங்கள், அன்றோடு என் பரிதாபம் தீர்ந்தது.

பார்வையற்றவர்களுக்கான நூலகம் ஒன்றில் அவருக்குக் கதை கேட்கிற கருவி கொடுத்தார்கள். சோப்பு டப்பா அளவு, விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மேடான பொத்தான்கள். ஒலிப்புத்தகங்களைச் சின்ன கார்டில் ஏற்றித் தருவார்கள். கண் இருந்த காலத்தில் பேப்பரில் விபத்துச் செய்தியைத் தவிர எதையும் படிக்காத மனிதர், கதை காதில் விழுந்ததும் ஆளே மாறிப்போனார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். தனக்குத்தானே சிரிப்பார், "அடப்பாவி" என்பார், மூக்கை உறிஞ்சுவார். ஒரு கதையில் நாய் செத்துப்போனதற்கு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. வீடு அந்த இரண்டு நாளும் நிம்மதியாக இருந்தது.

காது பழகப் பழக, சாதாரணப் பேச்சு அவருக்கு இழுவையாகிவிட்டது. பொத்தானை அழுத்தி அழுத்தி இரட்டை வேகத்துக்கு ஏற்றிவிட்டார். எனக்கு அது கோழி தானியம் கொத்துகிற சத்தமாகத்தான் கேட்டது. அவருக்கோ ஒரு சொல் தப்பாது. ஊரையே இருபதுக்கு மேல் போகவிடாதவர், காதில் மட்டும் பறந்தார்.

கார்டு மாற்ற அக்காதான் போவாள். வீட்டுக்கு வெளியே அவள் குரல் கொஞ்சம் மூச்சுவிடும். அங்கே ஒலிப்பதிவு செய்கிறவர் ஒருநாள் கேட்டிருக்கிறார்.

"அம்மா, எங்களுக்குப் புஸ்தகம் வாசிச்சுக் கொடுக்கறீங்களா? நல்ல குரல் உங்களுக்கு."

"எனக்கு ஒரு எளுத்து வராதுங்க."

"எந்த எழுத்து?"

"அதான், இப்ப வரலையே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தச் சிரிப்பு தன்னைக் குத்தவில்லை என்பதை அக்கா அதிசயமாக என்னிடம் வந்து சொன்னாள். என் சமையலறையில்தான் பழகினாள். நாக்கை உள்ளே மடித்து, கண்ணாடி பார்த்து, பழம், பழம், பழம். எனக்கே பழத்தின் மேல் வெறுப்பு வந்துவிட்டது. ழ வந்த அன்றைக்கு ஜன்னலைத் திறந்து "மழை" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் மத்தியானம் ஒலிப்பதிவு. தங்கச்சிக்கு முட்டிவலி, தைலம் தேய்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவாள். எனக்கு இல்லாத அந்த முட்டிவலி தெரு முழுக்கப் பிரபலமாகி, ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். புத்தகத்தில் தன் பெயர் வேண்டாம், 'ஒரு வாசகி' என்று போட்டால் போதும் என்றாள். வாசித்து முடித்தவரை கார்டில் ஏற்றி வாராவாரம் தருவார்கள். தன் குரலைத் தானே பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவருவாள்.

இரட்டை வேகத்தில் குரல் மெலிந்து, இருபது வயசுப் பெண் பேசுவதுபோல ஆகிவிடும். ழவும் ளவும் ஒன்றாகவே ஓடும். அத்தானுக்கு ஆள் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் நியாயமில்லை. அவர் வீட்டில் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதே கிடையாது.

"வாசிக்கிறா பாரு, இவ மனுஷி" என்பார் அக்காவிடம். "நீயும் வாய் வச்சிருக்கியே, எதுக்கு? இந்தப் பொண்ணுக்கு என்ன வயசுன்னு கேட்டுட்டு வா."

"விசாரிக்கிறேன்" என்று அக்கா முணுமுணுப்பாள். முகத்தில் அப்படி ஒரு வெட்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீதான்னு சொல்லிடேன் அக்கா."

"வேண்டாம். சொன்னா அப்புறம் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டார்."

முப்பது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அவ்வளவுதான். அதுவும் வேறொருத்திக்கென்று வந்தது. அதை இழந்துவிடக்கூடாதே என்று அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒரு ரயில்வே கேட் காவலன் கதை. அவனுடைய பிள்ளை காய்ச்சலில் சாகிறது. பெண்டாட்டி அவனை விட்டுப் போகிறாள். அன்று நான் அங்கேதான் இருந்தேன். பிள்ளை மூச்சை இழுக்கிற இடம் வந்ததும், "இதை ஓடவிட்டுக் கேட்கக்கூடாது" என்று சொல்லி, அவராகவே பொத்தானை அழுத்தி வேகத்தைக் குறைத்தார். கதையின் மேல் இருந்த பிரியம்தான், வேறொன்றும் இல்லை.

குரல் இறங்கி, தடித்து, அக்காவின் குரலாக வந்து நின்றது. அவருடைய புருவம் சுருங்கியது. அப்போது அந்த வரி வந்தது. 'பிள்ளையைக் கிடத்தினார்கள். அவள் அளவில்லை.'

அழவில்லை என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வரியை வாசிக்கும்போது அக்கா அழுதுவிட்டாள், பழைய நாக்கு வந்துவிட்டது. இதைவிட நன்றாக யாரும் வாசிக்க முடியாது என்று ஒலிப்பதிவுக்காரர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

அத்தான் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"பிள்ளை செத்ததுக்கு அவ அளவில்லையாம். டேப்பு கொடுங்க, அளந்து பார்க்கட்டும். மளைக்காரி வாசிச்சா இப்படித்தான் இருக்கும்."

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்பது அவருக்குத் தெரியும். நான் எழுந்து அந்தக் கருவியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவள்தான் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நூலகத்துக்குப் போன் செய்தார்.

"ஐயா, கேட்கிறவன்கிற முறையில சொல்றேன். இப்ப வாசிக்கிற கிளவிக்கு ழ வரலை. கொடுமையா இருக்கு. வேற ஆளைப் போடுங்க."

புகார் சொன்னது அவள் புருஷன் என்று ஒலிப்பதிவுக்காரருக்குத் தெரியாது. புகார் வந்தால் மேலே பதில் சொல்லவேண்டியிருக்கிறது, கொஞ்ச நாள் போகட்டும் அம்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சரிங்க என்றாள் அக்கா. கடைசி மூன்று அத்தியாயம் பாக்கி.

வேறு ஆள் கிடைக்கவில்லை. கதை அப்படியே நின்றுவிட்டது. அத்தான் வேறு புத்தகங்களைப் போட்டுப் பார்த்தார், பாதியில் நிறுத்தினார். கேட் காவலன் அவர் தலைக்குள் காத்துக்கொண்டே இருந்தான். என்னிடம் வந்து வழிந்தார்.

"அந்தக் கதை எப்படி முடியுதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கு முட்டிவலி அத்தான். புஸ்தகம் எல்லாம் தூக்கமுடியாது" என்றேன்.

ஒரு மத்தியானம் வாயை விட்டார். அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கேட்காரன் பொண்டாட்டி... திரும்பி வந்தாளா?"

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். முணுமுணுக்கவில்லை. ஒலிப்பதிவு அறையில் பேசுகிற அந்தக் குரலில், அந்த வீட்டில் முதல்முறையாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"வரலை. அவன் ஏழு வருஷம் காத்திருந்தான். மழையில எல்லாம் அந்தக் கம்பத்துக்குக் கீழேயே நின்னான். கிழவனாகி, தனியாச் செத்துப்போனான்."

அத்தான் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அழுதானா?"

"அழுதான். யாருமே கேட்கலை."

புத்தகம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் அவள் திரும்பி வருகிறாள். கடைசிப் பக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி, அவன் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொள்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் அத்தான். "மெதுவா."

அக்கா இன்னொரு தடவை சொன்னாள், ஓர் எழுத்தும் பிசகாமல்.