நெல்லையப்பன் அங்கிளின் கிரிபட்டிக் காசு

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் அங்கிளின் மகள் மீரா அழைத்தாள். "அக்கா, அப்பா போயிட்டார்." ஃப்ரீவேயில் வண்டியை எங்கே நிறுத்துவது? அடுத்த எக்ஸிட் வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.

பேர்லேண்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நெல்லையப்பன் அங்கிள். இளம் வயதில் பசிபிக் கடலில் உள்ள கிரிபட்டி என்ற தீவு நாட்டில் ஆசிரியராக இருந்தவர். அந்த நாடு விடுதலை பெற்று முதன்முதலாகத் தன் பெயரில் காசு வெளியிட்டபோது அவரும் ஆன்ட்டியும் அங்கேதான் இருந்தார்கள். "குட்டி நாடும்மா. ஆனா சொந்தக் காசு கைக்கு வந்த அன்னிக்கு ஊரே ஆடிச்சு," என்பார். கடல் ஏறி அந்தத் தீவுகள் மூழ்கக்கூடும் என்று செய்தி வந்தால் டிவியை அணைத்துவிடுவார்.

ஆன்ட்டி காலமான பிறகு, சென்ற ஆண்டு, மூன்று மாதம் மகள் மீராவோடு இருக்க நியூ ஜெர்சி போனார். "வீடு பூட்டிக் கிடக்கும், நீ வச்சுக்கோம்மா," என்று அந்த நாட்டுக் காசுகளைச் சேர்த்து வைத்திருந்த பெட்டியை என்னிடம் தந்தார். நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே! கார்த்திகைக்கு விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தபோது, கறுத்துக் கிடந்த அந்த வெண்கலக் காசுகளையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் பெட்டியைத் திறந்தார். கடற்பறவை பொறித்த ஒரு சென்ட் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா பளிச்னு இருக்கும்மா," என்றார். "இன்னும் பித்தளை ஏதாவது இருந்தா குடுங்க அங்கிள்," என்றேன் பெருமையாக. சிரித்தார்.

இறுதிச் சடங்கின்போது மீரா அந்தப் பெட்டியோடு என்னிடம் வந்தாள்.

"காசு வெளியான முதல் நாளே அம்மா ஒண்ணை ஈரக் கையால எடுத்தாங்களாம். அவங்க தம்ப் மார்க் அதுல அப்படியே இருக்கும்னு அப்பா சொல்வார். அதை அவர் பாக்கெட்ல வைக்கணும். எது அக்கா? எல்லாமே புதுசா இருக்கே."

எல்லாவற்றையும் நான் புளி போட்டுத் தேய்த்துவிட்டதை சொல்லிவிட்டேன்.

"ஹி நெவர் டோல்ட் மீ," என்றாள் மீரா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள்.

போய் வாருங்கள், அங்கிள். அன்றைக்கே என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.