கையைப் பின்னால் கட்டிய டீச்சர்

ராகலையில் என் லொறிகள் ஏறாத மேடு இல்லை. பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. பேரனை மொண்டிசோரிப் பாலர் பள்ளியிலிருந்து நிறுத்தத்தான் அன்றைக்குப் போனேன். எழுத்து ஒன்றும் தெரியாமல், தண்ணீர் ஊற்றவும் பயறு பொறுக்கவும் மட்டும் படித்திருந்தான்.

டீச்சர் ஒல்லியானவர். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாதிரி எந்நேரமும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

“இதெல்லாம் நான் தோட்டத்து லயத்து வீட்டுல நாலு வயசுலயே செஞ்சதுங்க. யாரும் அதுக்குக் காசு கேக்கல,” என்றேன்.

“ஒங்கள அவசரப்படுத்திச் செய்ய வச்சிருப்பாங்க முதலாளி. இங்க அவசரமில்ல.”

பேரனைக் கிளப்பினேன். சப்பாத்து போட உட்கார்ந்தான். வெளியே காத்திருந்த என் லொறி ஹோர்ன் அடித்தது. மாட்டிவிடக் குனிந்தேன்.

“கைய எடுங்க முதலாளி. அவரே போடுவாரு.”

மூக்கொழுகும் பயலுக்கு மரியாதை வேறு. ஆனாலும் நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருவழியாகக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, மந்திரி மாதிரி நடந்தான். டீச்சர் திருத்தவில்லை.

மறுநாளும் அவனை அங்கேதான் விட்டேன்.

தோட்டத்துத் துரை முன்னால்கூட நான் கைகட்டி நின்றதில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பின்னால் கட்டியது கணக்கில் வராது என்று இப்போது சமாளிக்கிறேன்.