மாவு எழும்பிய ஞாயிறு

தீபாவளி முடிந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எங்கள் ஊருக்குள் பட்டாசுக் கம்பெனி வேன் வராது. நான் தூங்கி எழும்போது அம்மா வீட்டில் இருப்பது அந்த ஒரு மாதம்தான். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, அந்த மாதத்தை வருஷம் முழுக்க நீட்டிக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளிர் குழுவில் ரொட்டி சுடப் பயிற்சி கொடுத்தார்கள். குழுவுக்கென்று ஓர் அலுமினிய ஓவன் இருந்தது; யார் நன்றாகச் சுடுகிறார்களோ அவர்களே அதை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. பழகிப் பார்க்க அம்மா அதை வீட்டுக்கு வாங்கி வந்திருந்தாள். ஆனைக்குட்டம் விலக்கில் டீக்கடை வைத்திருந்தவர், ரொட்டி சரியாக வந்தால் தினமும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அம்மா இனிமேல் வேனில் ஏற மாட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன்.

மாவுதான் ஒத்துழைக்கவில்லை. பிசைந்து துணி போட்டு மூடியது, மூடியபடியே கிடந்தது. மைதா சரியில்லை என்று கடையை மாற்றினாள். உப்பைக் குறைத்தாள். மழைக் குளிருக்குத்தான் எழும்பவில்லை என்று அப்பாவின் போர்வையை எடுத்துச் சட்டிக்குச் சுற்றினாள். அன்று அப்பா வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். சிவகாசிக்குப் பஸ் ஏறிப் போய்ப் புது ஈஸ்ட் டப்பா வாங்கி வந்தாள். சுட்டதெல்லாம் செங்கல்லாகவே வந்தது. அப்பா ஒருவர்தான் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

"சால்னாவுல அரை மணி ஊறப் போட்டா நல்லாத்தான் இருக்கு" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை, மதுரையில் நர்ஸ். காய்ச்சல்காரரை விசாரிப்பதுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மொதல்ல ஈஸ்ட்டு உசுரோட இருக்கான்னு பாப்பம்க்கா."

ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீரும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டால் பத்து நிமிஷத்தில் நுரைக்க வேண்டுமாம். அம்மா அடுப்பிலிருந்து தண்ணீரை இறக்கி, சுண்டு விரலை முக்கிப் பார்த்து ஊற்றினாள். பத்து நிமிஷம் ஆயிற்று. சேற்றுத் தண்ணீர்போலக் கிடந்தது.

"புது டப்பாவும் செத்துப்போச்சா?" அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மிச்சத் தண்ணீரில் நான் சும்மா விரலை விட்டேன். "ஆத்தீ, சுடுது!"

"வெதுவெதுன்னுதானே இருக்கு" என்று அம்மா மறுபடியும் சுண்டு விரலை முக்கினாள். எடுக்கவில்லை. சித்தியும் தன் விரலை வைத்து, உடனே உதறினாள்.

"எக்கா, இம்புட்டுச் சூட்டுல ஊத்துனா ஈஸ்ட்டு எப்படிப் பொழைக்கும்?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஆறிய தண்ணீரில் கரைத்த ஈஸ்ட் பொங்கி வந்தது. நான் குதித்தேன். மாவைப் பிசைந்து மூடியதும், சித்தி அம்மாவின் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போனாள். முழங்கைக்குக் கீழே அம்மாவுக்கு வெகுநாளாக ஒரு வெளுத்த தேமல் உண்டு. சித்தி பையிலிருந்து பஞ்சை எடுத்துத் திரித்தாள்.

"கண்ண மூடுக்கா. எங்கன தொடுறேன்னு சொல்லு."

நல்ல விளையாட்டாக இருந்தது. அம்மா சில இடங்களைச் சரியாகச் சொன்னாள். தேமலிலும் சுண்டு விரலிலும் சித்தி மூன்று முறை தொட்ட பிறகும், "இன்னும் தொடலையா?" என்று கேட்டாள்.

"அம்மா தோத்துட்டா! எனக்கு வைங்க சித்தி" என்று கையை நீட்டினேன். சித்தி என்னைத் தெருவில் போய் விளையாடச் சொன்னாள்.

அது தொழுநோயின் தொடக்கம். மறுநாளே சித்தி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நோய் குணமானதும், நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மாவே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தப்பைக் கண்டுபிடித்தது நான்.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்தபோது மாவு துணியைத் தூக்கிக்கொண்டு சட்டிக்கு மேலே நின்றது. ரொட்டி அவ்வளவு மெத்தென்று வந்தது. டீக்கடைக்கு நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

"கடைக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. "ஓவனையும் காலையில குழுவுல குடுத்துருவோம்."

"மாத்திரை போட்டா ஒட்டாதுக்கா, சொன்னாக் கேளு" என்று சித்தி அடிக்குரலில் சொன்னாள்.

"நாளப்பின்ன தெரிஞ்சா என்ன பேசுவாக?"

என் காதில் சரியாக விழுந்தது 'ஒட்டாது' என்பது மட்டும்தான்; மாவு தட்டில் ஒட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வாரம் பாடுபட்டு, ரொட்டி இப்படி வந்த பிறகு வேண்டாமாம். மறுபடியும் வேன். அம்மா ஒரு துண்டைப் பிய்த்து என் வாயருகே கொண்டுவந்தாள்.

"ஒன் கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று தள்ளிவிட்டேன்.

அம்மா அந்தத் துண்டோடு நின்றாள். அதுவரை என்னைத் திட்டியே அறியாத சித்தி, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்த துண்டை வாங்கித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடுக்கா" என்றாள்.

ஒரு துண்டு ரொட்டிக்கு இவ்வளவு கோபமா என்று நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஏன் அழுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை. அடி வாங்கியது நான்தானே.