கீரையில் ஓடிய மின்சாரம்

வசுந்தரா மறுபடி மாணவியானபோது அவளுடைய மகள் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தியவள், விடுப்பு வாங்கிக்கொண்டு நாகமலைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். வீடு விளக்குத்தூண் அருகே, சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் சந்தில். கணவன் ராதாகிருஷ்ணன் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவன். இந்த வயசில் என்ன படிப்பு என்று உறவில் நாலு பேர் கேட்டபோது, “என் கையிலயும் சாயம், அவ கையிலயும் சாயம். பொருத்தமாத்தானே இருக்கு” என்று சொல்லி வாயை அடைத்துவிட்டான்.

அவள் கையில் இருந்தது கீரைச் சாயம். இலை வெயிலைப் பிடித்துத் தனக்குச் சாப்பாடு செய்துகொள்கிறதே, அந்த வேலையைப் பாதி வழியில் மறித்து மின்சாரம் எடுக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. கீரையை ஐஸில் வைத்து அரைத்து, வடிகட்டி, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சுற்றினால் பச்சைத் துகள்கள் அடியில் படியும். அதை மெல்லிய உலோகத் தகட்டில் பூசி, உப்புக் கரைசலில் நிறுத்தி, விளக்கைப் போட்டால் மீட்டரில் முள் அசையும். கொஞ்சம்தான். ஆனால் விளக்கை அணைத்தால் இறங்கும், போட்டால் ஏறும். முதல் தடவை அதைப் பார்த்தபோது வசுந்தராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்தைக் கீரையில் அது ஒழுங்காக வரவில்லை. ஓயாமல் தண்ணீர் தெளித்து, கட்டி, அமுக்கி வைத்த கீரை. அவள் தெருவுக்குக் கூடை சுமந்து வரும் ராக்கம்மாளுக்குத் திருமங்கலம் போகிற வழியில் சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. ஒரு நாள் அவளிடம் கேட்டுப் பார்த்தாள்.

“அக்கா, எனக்கு மட்டும் தண்ணி தெளிக்காம, பறிச்ச உடனே கீரை கொண்டாந்து தருவீங்களா?”

“தெளிக்காட்டி வாடிப்போகும், டீச்சரம்மா. வாடுனதை வச்சு என்ன குழம்பு வைப்பீக?”

“குழம்புக்கு இல்லக்கா. கரண்டு எடுக்க.”

ராக்கம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தாலும், வசுந்தரா கொடுத்த பாலக்கீரை விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மேட்டில் ஒரு பாத்தியை அதற்கென்றே ஒதுக்கினாள். வேண்டும் என்று சொல்லிவிட்ட நாட்களில் விடியலில் பறித்து முதல் பஸ்ஸில் கொண்டுவந்துவிடுவாள். ராதாகிருஷ்ணன் ஐஸ் கட்டியை மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து பஸ் ஸ்டாண்டு வரை வந்து வசுந்தராவின் பஸ்ஸில் ஏற்றிவிடுவான். இப்படித்தான் இரண்டு வருடமாக ஆராய்ச்சி நடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம், மின்வேதியியலையும் உயிர்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தும் விதத்தையும் பற்றிய கருத்தரங்கு பல்கலைக்கழகத்தில் நடந்தது. பம்பாய், கல்கத்தா என்று பல ஊர்களிலிருந்து விஞ்ஞானிகள் வந்தார்கள். வசுந்தராவின் பேராசிரியர் வெள்ளைத்துரை, “வெறுமனே பேச வேணாம்மா. செஞ்சே காட்டிரு” என்றார்.

அவளுடைய முறை வந்த அன்று பேய்மழை. திருமங்கலம் ரோட்டில் ஓடை உடைத்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. ராக்கம்மாள் வரவில்லை. வேறு வழியில்லாமல் சந்தைக் கீரையை வாங்கி அரைத்தாள் வசுந்தரா. அரங்கில் சிலைடு காட்டும் புரொஜெக்டரின் வெளிச்சத்தைத் தகட்டின்மேல் திருப்பினார்கள். முள் அசையவில்லை. அணைத்துப் போட்டார்கள். அப்போதும் இல்லை.

முன்வரிசையில் இருந்த பம்பாய்க்காரர் ஒருவர் எழுந்தார். தலை நரைத்தவர், பெரிய பெயர் உள்ளவர். “இதற்கு முன்னால் வந்ததாகச் சொல்லும் அளவுகளை மட்டும் நாங்கள் எப்படி நம்புவது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் குரலில் கேலி இல்லை. அதனாலேயே அது அதிகம் வலித்தது. “இன்றைக்கு இலை சரியில்லை” என்று சொல்லிவிட்டு வசுந்தரா மேடையை விட்டு இறங்கினாள். அழுகை வராமலிருக்கப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் ஒவ்வொரு குடுவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மதியம் தாண்டி, வாசலில் ஒரு சத்தம் கேட்டது.

“டீச்சரம்மா இங்கனதான இருக்காக?”

ராக்கம்மாள் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றாள். மடித்த குடை அக்குளில். கூடையின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

“மழை பிடிக்கிறதுக்கு முந்தியே பறிச்சுட்டேன். ஓடையில இடுப்பளவு தண்ணி. டிராக்டர் ஒண்ணு வந்துச்சு, ஏறிக்கிட்டேன். ஆரப்பாளையத்துல வந்து பஸ் மாறுனேன். நேரமாகிப்போச்சு, கோவிச்சுக்கிறாதீக.”

“குடை இருந்தும் இப்படி நனைஞ்சிருக்கீங்களே அக்கா!”

“எனக்குப் பிடிச்சா கீரை நனைஞ்சிருமே. நீங்கதான தண்ணி படக்கூடாதுன்னீக?”

வசுந்தரா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். நன்றி என்று சொன்னால் அது எம்மாத்திரம் என்று தோன்றியது. தன்னிடமிருந்த மாற்றுச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். காலையில் வந்த ஐஸ் கரைந்துபோயிருந்தது. பல்கலைக்கழக கேன்டீனில் கெஞ்சி ஒரு வாளி வாங்கி வந்தார் வெள்ளைத்துரை. பேராசிரியர் வாளி தூக்கி வந்ததை அன்றுதான் பார்த்தார்கள். அரைத்து, சுற்றி, பூசி முடிப்பதற்குள் கருத்தரங்கு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பம்பாய்க்காரர் மட்டும் பெட்டியோடு படியேறி வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. “சபையில் சந்தேகம் கேட்டது நான். அதற்குப் பதிலைப் பார்க்காமல் போவது நியாயமில்லை. ரயில் நாளைக்கும் உண்டு” என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விளக்கைப் போட்டார்கள். முள் ஒரு நடுக்கம் நடுங்கி, மெல்ல ஏறி நின்றது. அணைத்தார்கள், இறங்கியது. அவரே எழுந்துபோய், தன் கையால் விளக்கைப் போட்டும் அணைத்தும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு வசுந்தராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“காலையில் நீங்கள் சாக்குச் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது. உங்கள் கட்டுரையை நானே எடுத்துப்போய், பம்பாயில் நடக்கும் அடுத்த கருத்தரங்கில் படிக்க ஏற்பாடு செய்கிறேன். நீங்கள்தான் வந்து படிக்க வேண்டும்.”

ராக்கம்மாள் மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இம்புட்டுத்தானா, டீச்சரம்மா?”

“இம்புட்டுத்தான் அக்கா.”

“ஒரு பல்பு கூட எரியாதா?”

“இப்போதைக்கு எரியாது.”

“அதனால என்ன, நாத்து இப்பத்தான முளைச்சிருக்கு” என்றாள் ராக்கம்மாள். வெள்ளைத்துரை அதைப் பம்பாய்க்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஓடையில் வெள்ளம் வடியாததால் அன்று ராக்கம்மாள் விளக்குத்தூண் சந்திலேயே தங்கினாள். ராதாகிருஷ்ணன் மிளகு ரசம் வைத்துப் பரிமாறினான்.

வசுந்தரா பம்பாய் போய்க் கட்டுரை படித்தாள். பிறகு டாக்டர் பட்டமும் வாங்கினாள். கீரை மின்சாரத்தில் எந்த ஊருக்கும் விளக்கு எரியவில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. கல்லூரிக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்து காட்டினாள். முள் ஏறும்போது பெஞ்சுகளிலிருந்து எழும் ‘ஆ’ என்ற சத்தம் அவளுக்கு அலுக்கவே இல்லை. கீரை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், அவர்களைத் திருமங்கலம் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பாத்தி ஓரத்தில் ராக்கம்மாள் நின்று, “மிதிச்சுப்புடாம வாங்க தாயி” என்று அவர்களை வரவேற்பாள்.