வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய ஷூ

எங்கள் வீட்டில் எனக்கு எதையும் என் அளவுக்கு வாங்கியதே கிடையாது. வளர்கிற பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே யூனிஃபார்மை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, ஷூவுக்குள் பஞ்சடைத்து அனுப்புவார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை அம்மா ஒரு ஜோடி வெள்ளை ஷூவும், கறுப்பு டிராக் பேண்டும், தொளதொளவென்று ஒரு டீ ஷர்ட்டும் எடுத்துப் போட்டு, "உன்ன ஜிம்முல சேக்கப் போறேன்" என்றபோது அளவைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. ஜிம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவேற்காட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், பெண்களுக்கென்றே புதிதாகத் திறந்த ஜிம் அது. அம்மாவைத் திருமழிசைக்கு வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் தினமும் அதன் எதிரில்தான் நிற்கும். எங்களோடு இருந்த அத்தைக்கு அந்த இடத்தைக் கண்டாலே இளக்காரம்.

"நாள் பூரா கம்பெனில நின்னுகினு கீறது பத்தாதா, அங்க போய் வேற ஓடணுமா இவளுங்க?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு என்றதும் மட்டும், ஓடியாடினால் நன்றாகப் பசியெடுக்கும் என்று விட்டுவிட்டாள்.

படியேறும்போது என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை ஈரமாக இருந்தது. எனக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்து, "நான் பாத்துக்கிறேம்மா" என்று தைரியம் சொன்னேன். வாசலில் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பஸ்ஸில் போனால் ஒரு போர்டு விடாமல் படித்துக்கொண்டு வருகிற அம்மா, அன்றைக்கென்று அதைக் கவனிக்கவில்லை.

உள்ளே பயிற்சி தரும் அக்கா என் வயதைக் கேட்டதுமே தலையை ஆட்டினாள். "பதினொரு வயசா? சேத்துக்க முடியாதுக்கா."

ரேஷன் கடையில் எடைக்காக மல்லுக்கட்டுகிற அம்மா, இங்கே "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். சுற்றிலும் இருந்த கண்ணாடிகளையும் ஓடிக்கொண்டிருந்த பெண்களையும் பார்த்தபடி நின்றாள். கிளம்பவே இல்லை.

எனக்கு அழுகை முட்டியது. ஏமாற்றம் ஒரு பக்கம், புதுத்துணி வீணாகிறதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். "நீயாச்சும் போட்டுக்கோம்மா! வாங்குனதெல்லாம் வேஸ்ட்டாத்தான போவப் போவுது!"

"இன்னாடி பேசுற? நானா? யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்றாள். ஆனால் புதுத்துணி இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நான் விடவில்லை. துணி மாற்றும் அறைவரை அவளைத் தள்ளிக்கொண்டே போய், உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

டீ ஷர்ட்டைக் கீழே கீழே இழுத்துவிட்டபடி வெளியே வந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. டிரெட்மில்லில் ஏறுமுன் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கம்பெனியில் தன் மிஷினுக்குத் தினமும் அப்படித்தான் செய்வாளாம். அது நகர்ந்ததும் "யம்மா!" என்று அலறிக் கம்பியைப் பிடித்தாள். பக்கத்தில் ஓடிய பெண் சிரித்துவிட்டாள். அம்மாவின் முகம் சுருங்கியது. இறங்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எறங்காதம்மா! எறங்காத!" என்று கத்தினேன்.

அவள் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்து, வீசி வீசி நடந்தாள். கண்ணாடியில் தன்னையே பார்த்து, "பாருடி, எப்டி நடக்கிறேன் பாருடி!" என்றாள். நான் துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். சிரித்த பெண்ணும் ஓடிக்கொண்டே தட்டினாள். அவ்வளவு சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் நானே மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, துணி வீணாகக் கூடாதென்று நான்தான் அம்மாவைச் சேர்த்துவிட்டேன். "இன்னா பண்றது, வாங்கியாச்சு, போட்டும்" என்று அத்தை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் எதைப் பொறுத்தாலும் பொருள் வீணாவதைப் பொறுக்க மாட்டார்கள். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆச்சரியம் மட்டும் அடங்கவே இல்லை. எனக்கென்று வாங்கிய ஷூ, அம்மாவின் காலுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திவிட்டதே! நல்லவேளை, வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கினாள் என்று நினைத்துக்கொண்டேன்.