வினிகரில் நனைத்த சாக்ஸ்

நம்பினால் நம்புங்கள், இது எனக்கு நடந்தது. அன்று என் கையால் எழுதிய குறிப்பு இன்னும் பதிவேட்டில் இருக்கிறது. அதைக் கிழித்துப் போட எனக்குத் தைரியமில்லை.

பல்கேரியாவின் ரொடோப்பி மலையில் நான்கு ஊர்களுக்கு நான் ஒருத்திதான் டாக்டர். எங்கள் பக்கம் இறந்தவர்களின் படம் போட்ட தாளைக் கதவுகளில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடம் என்று புதிது புதிதாக ஒட்டுவார்கள். என் ஆஸ்பத்திரிக் கதவிலும் உண்டு. நான் அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி பதினேழு. பிற்பகல் 3.10. நர்ஸ் ஸ்லாவ்கா பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். வெளியே பனி கொட்டியது. கணப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். பெஞ்சில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை...

ஆறு வயது இருக்கும். காலில் செருப்பில்லை, சிவப்புக் கம்பளி சாக்ஸ் மட்டும். விரல் நுனியில் பச்சைக் கம்பளி. சொட்டச் சொட்ட ஈரம்.

"பேரென்னம்மா?"

"ரலிட்ஸா, அத்தை."

"அம்மா எங்க?"

"வெளிய. கதவுகிட்ட."

பதிவேட்டைத் திறந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"காய்ச்சல் எப்பத்திலிருந்து?"

"ராத்திரியிலிருந்து."

"வாந்தி எடுத்தியா?"

"மூணு தடவை."

"வெளிச்சத்தைப் பாத்தா கண்ணு கூசுதா?"

"கூசிச்சு. இப்ப இல்ல."

"மருந்து குடுத்தாங்களா?"

"அம்மா போன் பண்ணாங்க. போன்ல பேசின அத்தை, சாக்ஸை வினிகர்ல நனைச்சுப் போடு, காலைல பாக்கலாம்னு சொன்னாங்களாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த மடச்சி அப்படிச் சொன்னா?"

அவள் என்னையே பார்த்தாள்.

தெர்மாமீட்டர் வைத்தேன். பாதரசம் இம்மியும் ஏறவில்லை. கழுத்தை வளைத்தேன். கட்டை மாதிரி விறைத்திருந்தது. இடது சாக்ஸைக் கழற்றினேன். கணுக்காலெல்லாம் ஊதாப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினேன்.

மறையவில்லை...

மூளைக்காய்ச்சல். ரத்தத்தில் கலந்துவிட்டது. சில மணி நேரம்தான் இருக்கிறது. ஆனால் அலமாரியில் ஊசி மருந்து இருந்தது. பிழைக்க வைத்துவிடலாம்.

"வலிக்குதாம்மா?"

"இப்ப வலிக்கல, அத்தை."

சாக்ஸும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். 3.19. ஒரு பெண் கதவில் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாம்மா! புள்ளைக்கு உடனே ஊசி போடணும்!"

அவள் திரும்பவில்லை. தாளை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

படத்தில் ரலிட்ஸா. கீழே, 'ஓராண்டு நினைவு.'

"போன வருஷம் அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு போன் பண்ணது நான்தான், டாக்டரம்மா. நீங்க பேரைக்கூடக் கேக்கல."

ஞாபகம் வந்தது. மறுநாள் காலை யாரும் வரவில்லை. குணமாகியிருக்கும் என்று நினைத்து மறந்துபோனேன். ஒரு வருடமாக அந்த முகம் என் கதவிலேயே இருந்திருக்கிறது. என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

திரும்பி ஓடினேன்.

பெஞ்ச் காலி.

வினிகர் நெடி மட்டும்...

பின்னாலேயே அவள் வந்தாள். என் கையிலிருந்த சாக்ஸை வாங்கினாள். பச்சை நுனியைத் தடவிப் பார்த்தாள். அவள் விரல் நனைந்தது.

"சிவப்புக் கம்பளி பத்தல. விரலுக்குப் பச்சை வெச்சுப் பின்னினேன்," என்றாள். "நீங்க போடச் சொன்னதாச்சே... கழட்ட மனசு வரல. போட்டபடியேதான் புதைச்சோம்."